ஆர்கூர் முகமும் மதராஸ் ஸ்டில்லும்

மேசையில் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று அஞ்சலட்டை அளவு. பிரெஞ்சு நடிகை மிஷேல் மோர்கனின் முகம். கன்னத்தின் ஒரு பக்கம் வெளிச்சம். மறுபக்கம் மெல்ல மெல்ல இருட்டில் கரைகிறது. பின்னணி என்று எதுவுமே இல்லை. ஓரத்தில் 'ஆர்கூர்' என்ற பெயர். மற்றது எட்டுக்குப் பத்து அங்குல ஸ்டில். 1944இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் தியாகராஜ பாகவதரும் டி.ஆர். ராஜகுமாரியும். பாகவதரின் கடுக்கன் மின்னுகிறது, ராஜகுமாரியின் சேலைச் சரிகை இழை இழையாகத் தெரிகிறது, பின்னால் நிற்கும் தூண் செட்டுக்காகச் செய்த பொய்த் தூண் என்பதும் தெரிகிறது. எடுத்தவர் பெயர் முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை.

காரைக்காலில் பழைய நட்சத்திரப் படங்களைச் சேர்க்கிற ஒருவரிடம் இந்த இரண்டு வகையும் ஒரே பெட்டியில் கிடப்பதில் வியப்பில்லை. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பி, 1954 நவம்பர் 1 வரை அவர்களிடம் இருந்த ஊர் இது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான ஒப்படைப்பு நடந்ததை ஒட்டி, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இன்றும் 'சொல்தா' என்றுதான் ஊரில் சொல்கிறோம். அப்படிப்பட்ட வீடுகளின் அலமாரியில் பாரீஸ் அஞ்சலட்டைகள் இருந்தன. ஆனால் கடல் இருக்கும் பக்கம் போக ஊரைச் சுற்றி எல்லாம் பழைய தஞ்சாவூர் ஜில்லா. பாகவதர் பிறந்த மாயவரம் பக்கத்தில் இருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும் படத்தின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமியின் திருவையாறும் இதே காவிரிக் கரைதான். எனவே சினிமாப் பைத்தியம் இங்கே தமிழில்தான் இருந்தது. படம் சேர்க்கும் பழக்கத்துக்கு மட்டும் இரண்டு வாசல் இருந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகு என்று பார்த்தால் ஆர்கூர் படத்துக்குப் பக்கத்தில் நம் ஸ்டில்லை வைக்க முடியாது. ஆனாலும் பல வருஷம் இரண்டையும் புரட்டிப் பார்த்தபின், கையில் எடுக்கும்போது எனக்குக் கனமாகத் தெரிவது ஸ்டில்தான். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த ஒப்பீடு.

ஸ்டூடியோ ஆர்கூர் 1934இல் பாரீஸில் தொடங்கியது. பத்திரிகைத் தொழிலில் இருந்த லக்ருவா சகோதரர்கள் பணம் போட்டார்கள். பெயரும் திறமையும் கோசெட் ஆர்கூர் என்ற பெண்ணுடையவை. அவருடைய இயற்பெயர் வேறு. 'ஆர்கூர்' அவரே சூட்டிக்கொண்ட தொழில்பெயர். பத்திரிகைகளுக்குப் படம் தருவதுதான் முதல் நோக்கம். நாளாக ஆக, அந்த ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து எழுவதே ஒரு நடிகர் நடிகராகிவிட்டதற்கு அத்தாட்சி என்ற நிலை வந்தது. ழான் கபேன், ழான் மரே, எடித் பியாஃப், ஜோசஃபின் பேக்கர், பிரிஜித் பார்தோ என்று அந்த நாற்காலியில் உட்காராதவர்கள் குறைவு.

அங்கே வேலை நடந்த விதம் கவனிக்கத்தக்கது. சாதாரணப் போட்டோ ஸ்டூடியோவில் முகம் முழுக்க வெளிச்சம் விழும்படி விளக்கு வைப்பார்கள். இவர்கள் சினிமா செட்டில் பயன்படுத்தும் விளக்குகளைக் கொண்டுவந்தார்கள். ஒரு விளக்கு கன்ன எலும்புக்கு, ஒன்று பின்னாலிருந்து தலைமுடிக்கு, மிச்சமெல்லாம் இருட்டு. அதற்கு மேல் நெகட்டிவில் கை வேலை. சுருக்கம், மரு, கண்ணுக்குக் கீழே விழுந்த நிழல் எல்லாம் டச்சிங்கில் போய்விடும். நடிகர் எந்த வேஷத்திலும் இருக்கமாட்டார். எந்தக் கதையிலும் இல்லாத, எந்த ஊரிலும் இல்லாத ஒரு முகமாக மட்டும் இருப்பார். ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் ஆர்கூர் நடிகரைப் பற்றி ஒரு கட்டுரையே வைத்திருக்கிறார். மேடையில் வியர்வையும் உழைப்புமாக இருக்கும் நடிகரை, வேலை ஓய்ந்த தேவனாக ஆக்கிக் காட்டுகிறது அந்தப் புகைப்படம் என்பது அவர் பார்வை. அது கண்டனமாக எழுதப்பட்டது. ஆனால் படம் சேர்ப்பவன் கண்ணுக்கு அதுவே சரியான விவரிப்பாகவும் இருக்கிறது.

மதராஸ் ஸ்டில் பிறந்த இடம் முற்றிலும் வேறு. ஷாட் முடிந்து டைரக்டர் ஓகே சொன்னதும், லைட்டை அணைப்பதற்குள் ஸ்டில் போட்டோகிராபர் குரல் கொடுப்பார். நடிகர்கள் அதே இடத்தில், அதே பாவத்தில் ஒரு நிமிஷம் மறுபடி நிற்பார்கள். மூவி கேமராவுக்காக வைத்த வெளிச்சம்தான் அவருக்கும். தனக்கென்று ஒரு விளக்கை நகர்த்த நேரம் தரமாட்டார்கள். அவர் எடுத்த படங்களுக்கு நாலு வேலை இருந்தது. அடுத்த நாள் அதே காட்சியைத் தொடரும்போது நகையும் பூவும் அதே இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்க. ஏரியா வாங்க வரும் விநியோகஸ்தரிடம் ஆல்பமாகக் காட்ட. 'குண்டூசி', 'பேசும் படம்', பின்னால் 'பொம்மை' மாதிரிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்க. கடைசியாக, கொட்டகை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்திவைக்க.

இந்தக் கடைசி வேலைதான் ஸ்டில்லின் உடம்பில் எழுதியிருக்கும். என்னிடம் இருக்கும் பல பிரின்ட்டுகளில் நாலு மூலையிலும் ஊசித் துளைகள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் துருவின் பழுப்பு வட்டம். சிலவற்றில் ஒரே மூலையில் நெருக்கமாக ஐந்தாறு துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு கொட்டகை. ரீல் பெட்டியோடு ஊர் ஊராகப் போய், ஒரு வாரம் ஓடி, கழற்றி, அடுத்த ஊரில் மறுபடி குத்தப்பட்ட படம் அது. ஆர்கூர் அஞ்சலட்டையில் இப்படி ஒரு தழும்பும் இருக்காது. அது முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துவதற்காகவே செய்யப்பட்டது. நம் ஸ்டில் தேய்ந்து தீர்வதற்காகச் செய்யப்பட்டது. இரண்டுக்கும் உள்ள மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் ஸ்டில் முழுவதும் தட்டையான வெளிச்சம்தான் என்று சொல்லிவிட முடியாது. 1945இல் வெளிவந்த 'மீரா' படத்துக்காக இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைச் சிலையாக வார்த்து, அதன் மேல் பல கோணங்களில் விளக்கு வைத்துப் பார்த்து, எந்த நிழல் எங்கே விழவேண்டும் என்று முடிவுசெய்தார்கள். பாரீஸில் ஆர்கூர் செய்ததற்கு இது ஒன்றும் குறைந்ததில்லை. அதனால்தான் 'மீரா' ஸ்டில்களில் எம்.எஸ்ஸின் முகம் தனியாக வெட்டி எடுத்தாலும் நிற்கிறது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இல் வந்தது. மாருதி ராவ் ஒளிப்பதிவு. பாதி முகம் இருட்டில் இருக்கும் சிவாஜியின் படங்கள் அதில் கிடைக்கும். ஆனால் அந்த இருட்டுக்குக் காரணம் கதையில் இருக்கிறது. அவர் அங்கே தேசத்தைக் காட்டிக்கொடுத்தவன், இருட்டு அவனுடையது. ஆர்கூரில் இருட்டு யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் ஒரே இருட்டு.

இங்கே எனக்குக் காரைக்கால் அம்மையாரின் நினைவு வராமல் இருப்பதில்லை. தன் அழகைக் கழற்றி வைத்துவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிய பெண் இந்த ஊர்க்காரர். எலும்பு தெரிய, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் அவருடைய சோழர் பாணி வெண்கலப் படிமம் ஒன்று அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1973இல் ஏ.பி. நாகராஜன் அவர் கதையைப் படமாக்கியபோது இளம் வயது அம்மையாராக லட்சுமியும், முதிய அம்மையாராகக் கே.பி. சுந்தராம்பாளும் நடித்தார்கள். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அந்தப் படத்தின் ஸ்டில்லில் இருக்கும் முகத்தின் ஒவ்வொரு கோடும் அவருடைய சொந்தக் கோடு. பாரீஸ் ஸ்டூடியோவில் டச்சிங் பென்சிலுக்குத் தப்பாத அதே கோடுகள். நட்சத்திரத்தின் முகம் முதிர்வதற்கு இடம் கொடுத்தது ஸ்டில்தான். ஆர்கூரில் அதற்கு இடமே கிடையாது.

இனி படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கலாம். சேர்ப்பவருக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். ஹாலிவுட் கம்பெனிகள் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதை ஸ்டில்லின் ஓரத்திலேயே அச்சாக்கிவிட்டன. அந்த எண் தெரிந்தால் படம் தெரிந்துவிடும். பின்னால் பத்திரிகைக்கான குறிப்புத் தாளும் ஒட்டியிருக்கும். ஆர்கூரில் ஒவ்வொரு ஆளும் பதிவேட்டில் ஏறியவர். தமிழ் ஸ்டில்லின் பின்னால் எது கிடைத்தாலும் அதிர்ஷ்டம்தான். ஒரு விநியோகக் கம்பெனியின் மங்கிய ரப்பர் ஸ்டாம்ப், அச்சு பிளாக் எடுக்கக் கொடுத்தபோது பத்திரிகை ஆபீஸில் போட்ட சிவப்புப் பென்சில் கோடும் அங்குலக் கணக்கும், யாரோ நீல மையில் எழுதிய நடிகை பெயர், அதுவும் சில சமயம் தப்பாக. ஆர்.என். நாகராஜ ராவ் போன்ற சிலரின் பெயர் படத்தின் டைட்டிலில் 'ஸ்டில்ஸ்' என்ற தலைப்பில் வந்திருக்கிறது. ஆனால் டைட்டிலில் இருந்த பெயர் பிரின்ட்டுக்கு வந்து சேரவில்லை. பின்னாளில் 'ஸ்டில்ஸ்' ரவி என்று தொழிலே பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் அளவுக்கு மரியாதை கிடைத்தது. 1940களில் எடுத்தவர்களுக்கு அது இல்லை.

பெயர் இல்லாததால் அசலைக் கண்டுபிடிப்பதும் நமக்குக் கூடுதல் வேலை. பாரீஸ் அஞ்சலட்டை அச்சானது. அதில் குழப்பம் இல்லை. ஸ்டில்லில், நெகட்டிவிலிருந்து நேராகப் போட்ட பிரின்ட்டும் உண்டு, பிரின்ட்டை மறுபடி போட்டோ எடுத்து அந்தக் காப்பி நெகட்டிவிலிருந்து போட்டதும் உண்டு. காப்பியில் கறுப்பு இன்னும் கறுத்து, வெள்ளை இன்னும் வெளுத்து, இடையில் இருந்த சாம்பல் நிறப் படிகள் காணாமல் போயிருக்கும். முதலில் போவது கூந்தல். அசலில் முடி முடியாகத் தெரிந்தது காப்பியில் ஒரே கறுப்புத் திட்டாக இருக்கும். பழைய படத்தின் ஊசித் துளைகூடச் சில சமயம் காப்பியில் புள்ளியாக விழுந்திருக்கும். தடவிப் பார்த்தால் துளை இருக்காது. பத்திரிகையிலிருந்து எடுத்ததா என்று பார்க்கப் பூதக்கண்ணாடி போதும். அச்சில் புள்ளிகள் தெரியும், பிரின்ட்டில் தெரியாது.

பிறகு, இரண்டுக்கும் நேர்ந்த கதி. 1991இல், ஜாக் லாங் கலாசார அமைச்சராக இருந்தபோது, பிரெஞ்சு அரசு ஆர்கூரின் நெகட்டிவ்களை வாங்கியது. சுமார் 50 லட்சம் நெகட்டிவ்கள், அவற்றில் ஐந்தரை லட்சம் மனிதர்கள். நட்சத்திரங்கள் அதில் ஆயிரத்து ஐந்நூறு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் காசு கொடுத்து நட்சத்திரம் போலத் தங்களை எடுத்துக்கொண்ட சாமானியர்கள். எல்லாம் எண்ணிட்டு, தேசத்தின் சொத்தாக வைக்கப்பட்டன.

இங்கே? 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த 'காளிதாஸ்', முதல் தமிழ்ப் பேசும் படம். அதன் பிரதி இன்று உலகத்தில் எங்கும் இல்லை. நாம் அதைப் பற்றிக் கண்ணால் அறிவதெல்லாம் விளம்பரங்கள், சில புகைப்படங்கள் வழியாகத்தான். 1930களின் தமிழ்ப் படங்களில் தப்பிப் பிழைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பழைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காமல் தப்பினாலும் நொறுங்கிப் பொடியாகும். அதற்கும் தப்பியது வெள்ளிக்காக உருக்கப்பட்டது. பிலிமில் உள்ள வெள்ளி விலை போகும், அதில் இருக்கும் ராஜலட்சுமி விலை போகமாட்டார் என்று கணக்குப் போட்ட காலம் அது. இந்திய சினிமாவில் கிடைத்ததையெல்லாம் காப்பாற்ற, 1964இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பி.கே. நாயர் வேண்டியிருந்தது. சின்ன வயதில் சினிமா டிக்கெட்டின் பாதித் துண்டையும், எடை பார்க்கும் மெஷின் துப்பும் நட்சத்திரப் படம் போட்ட அட்டையையும் சேர்த்தவர் அவர். அந்தப் பழக்கம்தான் பின்னால் காப்பகமாயிற்று.

தமிழில் அந்த இடம் ஃபிலிம் நியூஸ் ஆனந்தனுடையது. கேமரா ஆசையில் வந்தவர். 1958இல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததில் தொடங்கி, தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. ஆனார். மற்றவர்கள் கொடுத்துவிட்டு மறந்த இடத்தில் அவர் ஒரு பிரின்ட்டைத் தனக்கென்று எடுத்துவைத்தார். கூடவே படத்தின் பெயர், தேதி, நடித்தவர், எடுத்தவர் என்று குறித்தும் வைத்தார். அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசு 2002இல் வாங்கியது. இரண்டு வருஷம் கழித்து அவருடைய குறிப்புகள் பெரிய புத்தகமாக வந்தன. 2016 மார்ச் மாதம் 4ஆம் தேதி நாயரும், 21ஆம் தேதி ஆனந்தனும் காலமானார்கள். படம் சேர்ப்பவர்களுக்கு அந்த மாதம் மறக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையாவையும் இதே வரிசையில் சொல்லவேண்டும். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் என்று மற்றவர்கள் பொட்டலம் கட்டிய காகிதத்தையெல்லாம் எடுத்துவைத்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது.

ஆக, பாரீஸில் படம் எடுத்தவரே பாதுகாத்தார். அரசு முழுசாக வாங்கியது. இங்கே எடுத்தவரிடம் நெகட்டிவ் இல்லை, கம்பெனியிடம் அக்கறை இல்லை. தனி ஆட்களின் பிடிவாதத்தால் மிச்சப்பட்டதுதான் இன்றைக்கு இருப்பது. இதனால்தான் ஸ்டில்லை எடுத்தால் எனக்குக் கனமாகத் தெரிகிறது என்றேன். ஆர்கூரின் மிஷேல் மோர்கனைத் தொலைத்தாலும் அவருடைய படங்கள் இருக்கின்றன, நெகட்டிவ் இருக்கிறது, இன்னொரு பிரின்ட் போடலாம். தொலைந்துபோன ஒரு தமிழ்ப் படத்தின் ஸ்டில்லைத் தொலைத்தால் அந்தக் காட்சிக்கு வேறு சாட்சி கிடையாது. செட் எப்படி இருந்தது, எந்த நகை போட்டார்கள், மேக்கப் எவ்வளவு தடிமன், பக்கத்தில் நின்ற துணை நடிகை யார் என்பதெல்லாம் அந்த எட்டுக்குப் பத்துக்குள் மட்டும்தான் இருக்கிறது.

புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் குடும்பப் படங்களைத் தேடி ஸ்கேன் செய்தது. திரைச்சீலைக்கு முன் நிற்கும் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கிடைத்த அந்தக் கவனம் சினிமா ஸ்டில்லுக்கும் கிடைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

அதுவரை வீட்டில் வைத்திருப்பவர்கள்தான் காப்பகம். நம்முடைய கடலோரக் காற்று போட்டோவுக்கு எதிரி. ஈரத்தில் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் ஊறி, கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு வரும். ஒட்டிவிட்ட படத்தைப் பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கறுப்பான இடங்களில் நீலமாகப் பளபளப்பது பிரின்ட்டின் வெள்ளியே மேலே வந்து படிவது. துணியால் துடைத்தால் படமும் போய்விடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பின்னால் எழுதுவதென்றால் மிருதுவான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல்.

ஸ்கேன் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். மங்கிய ஸ்டாம்ப், யாரோ கிறுக்கிய எண், பிளாக் ஆபீஸ் அளவு எல்லாம் வேண்டும். இரண்டு பேர் வீட்டில் இருக்கும் இரண்டு பின்பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எடுத்தது யார் என்பது பிடிபடும். பாகவதரும் ராஜகுமாரியும் நிற்கும் அந்த 'ஹரிதாஸ்' ஸ்டில்லை எடுத்தவர் பெயர் உள்ள பிரின்ட் யாரிடமாவது இருந்தால், அதை முதலில் பார்க்க ஆசைப்படுகிறவன் நான்.